கட்டைப்பையில் இல்லாத ஒரு வரி

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
செங்கல்பட்டு மாவட்டம்.



ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றும்போது கூடவே என்னென்ன போகும் என்று உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஃபிலிம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஈ.சி.ஜி., மருந்துக்கடை ரசீதுகள், காப்பீட்டு அட்டை நகல், ஆதார் நகல். அத்தனையும் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் கட்டைப்பைக்குள் இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸின் பக்கவாட்டு இருக்கையில் மகனோ மகளோ உட்கார்ந்திருப்பார். போய்ச் சேர்ந்த இடத்தின் டியூட்டி டாக்டர் அந்தப் பையைக் கவிழ்த்துத் தேடினாலும் பல நேரங்களில் கிடைக்காத ஒன்று உண்டு: இந்த நோயாளியின் உடம்பில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்தெந்த மருந்துக்கு அடங்காது என்று சொல்லும் ஒற்றை வரி. அந்த வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அமைச்சருக்கு எழுதினால் அறிக்கை வரும். டெல்லிக்கு எழுதினால் வழிகாட்டு நெறிமுறை வரும். அது ஏற்கெனவே கட்டுக்கட்டாக இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் பதிவுச் சான்றிதழ் தருவது, புதுப்பிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்டத்தில் உங்கள் அலுவலகம் வழியாக நடக்கும் வேலை. சட்டம் 1997-ல் வந்தது, விதிகள் 2018-ல் வந்தன. அந்த 21 ஆண்டு இடைவெளியைக் கிளற இது இடமில்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் உங்கள் இயக்ககத்தின் கீழ்தான் இருக்கிறது. அரசு, தனியார் என்ற இரண்டு பக்கத்தோடும் அதிகாரத்தோடு பேசக்கூடிய மேசை மாவட்டத்தில் உங்களுடையதுதான்.

நம் பகுதிக்கு இந்த விஷயத்தில் பழைய தொடர்பு உண்டு. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர். என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமந்த கிருமிகளை அந்த ஆய்வில் எண்ணியிருந்தார்கள். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73. மெரோபெனம், இமிபெனம் போன்ற ஊசிகளை டாக்டர்கள் கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருப்பார்கள். அவற்றைச் சிதைத்துப் போடுவதுதான் இந்த நொதியின் வேலை. அதற்குப் பிறகு பெரும்பாலும் டைகிசைக்ளின், கோலிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளே மிஞ்சின. இதில் கோலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து. வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

அன்று டெல்லி கொதித்தது நொதியின் பெயரில் புதுடெல்லி இருப்பதைப் பற்றி. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெளிநாட்டுச் சதி என்றார்கள். சென்னையின் அந்த 44 கிருமிகளும் எந்த வார்டிலிருந்து எந்த வார்டுக்கு, எந்த மருத்துவமனையிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போயின என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. இரண்டு ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைக்க, நாட்டின் மருத்துவச் சங்கங்கள் இதே ஊரில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் ‘ஹெச்-1’ அட்டவணை நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நம் தெரு மருந்துக்கடையில் அந்தப் பதிவேட்டை நானும் பார்த்திருக்கிறேன். சுத்தமாக, புத்தம்புதிதாக இருந்தது.

அதன்பிறகு வந்த விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் எல்லாம் மக்களைத்தான் கண்டிக்கின்றன. சளிக்கு மாத்திரை வாங்காதே, கோர்ஸை முடி, மிச்சமிருப்பதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதே. எல்லாம் சரியான பேச்சுதான், ஆனால் பாதிப் பேச்சு. எதிர்ப்புக் கிருமி உருவாவது ஒரு கதை, உருவான கிருமி ஊர் சுற்றுவது இன்னொரு கதை. இந்த இரண்டாவது கதை நடக்கும் இடம் மருத்துவமனை. அங்கே கோர்ஸை ஒழுங்காக முடித்த நோயாளியும் மாட்டிக்கொள்கிறார். அந்தச் சுவரொட்டியை மட்டும் யாரும் அடிப்பதில்லை.

அளவைச் சொல்கிறேன். 2019-ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக இந்தியாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,97,000 பேர் என்பது உலகளாவிய ஆய்வின் மதிப்பீடு. ஐ.சி.எம்.ஆர். தன் கண்காணிப்பு மருத்துவமனைகளில் எடுக்கும் கணக்கில், 2017-ல் நூறு இ.கோலை கிருமிகளில் சுமார் 81 இமிபெனத்துக்கு அடங்கின. 2023-ல் சுமார் 63 மட்டுமே அடங்கின. ஐ.சி.யு.க்களில் குடியிருக்கும் அசினெட்டோபாக்டரில் மெரோபெனத்துக்கு அடங்குவது பத்தில் ஒன்று இருந்தால் அதிகம்.

இந்தக் கிருமிகள் வெளியே தெரியாமல் பயணம் செய்பவை. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா காய்ச்சலும் வலியும் தராமல் ஒருவர் குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு நோயாளி தேறிவருவதாகத்தான் தெரியும். அவரைத் துடைத்துவிட்ட கை, பெட்பேன் கழுவிய தொட்டி, சளி உறிஞ்சும் குழாய், கட்டிலின் பக்கக் கம்பி என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். அங்கே படுத்திருப்பவருக்குத் தொண்டையில் வென்டிலேட்டர் குழாயோ, கழுத்தில் சென்ட்ரல் லைனோ, சிறுநீர்க் குழாயோ இருந்தால் காய்ச்சல் அவருக்கு வரும். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பிலேயே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். போதாததற்கு, என்.டி.எம். போன்ற எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவதுபோல் அது ஒரு கிருமியிடமிருந்து வேறு இனக் கிருமிக்கும் போய்விடும். தாம்பரத்து மருத்துவமனைகளில் காலையில் பல்லாவரம், மதியம் சேலையூர், மாலையில் கூடுவாஞ்சேரி என்று சுற்றும் விசிட்டிங் கன்சல்டன்ட்கள் உண்டு. மயக்க மருந்து டாக்டர்கள் உண்டு. இரவு ஓரிடம், பகல் ஓரிடம் என்று இரட்டை டியூட்டி பார்க்கும் நர்ஸ்கள் உண்டு. யாரையும் குற்றம் சொல்லவில்லை, புறநகர் மருத்துவம் நடப்பதே அவர்களால்தான். நம் மருத்துவமனைகளுக்குச் சுவர்தான் தனித்தனி என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற எல்லாரையும்விட அதிகமாகக் கிருமியைச் சுமந்து போகிறவர் நோயாளிதான். இந்த இடத்தில் நம் மாநிலத்தின் நல்ல திட்டம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையானாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையானாலும் இலவசம். தமிழரா, வெளிமாநிலத்தவரா என்ற கேள்வி இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காயத்திலிருந்தோ ரத்தத்திலிருந்தோ மாதிரி எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினால், பாட்டிலில் கிருமி வளர்ந்தது தெரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இன்னும் ஒன்றிரண்டு நாள். அதாவது பதில் வருவது இரண்டாம், மூன்றாம் நாளில். இலவச நேரம் முடிவதும் அதே நேரத்தில். காப்பீட்டு அட்டை இல்லாதவர், கட்டப் பணம் இல்லாதவர், உடல்நிலை நிலையானதும் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார். கல்ச்சர் ரிப்போர்ட் வரும்போது அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருக்கிறார்.

விபத்துக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. பக்கவாதம் வந்து ஐ.சி.யு.வில் பத்து நாள் இருந்த பெரியவர், கைக்காசு கரைந்ததும் ‘ஜி.எச்.சுக்கே போயிடலாம்’ என்று குடும்பம் கூடிப் பேசிக் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகும் பெரியவர், அவர் கதையும் இதேதான். டாக்டர் ஆலோசனைக்கு எதிராகப் போகிறவருக்குச் சில இடங்களில் முழு டிஸ்சார்ஜ் சம்மரிகூடக் கைக்கு வராது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. அரசு மருத்துவமனையில் அறுவை முடிந்து, வீட்டுப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மேடவாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ இருபது படுக்கை நர்ஸிங் ஹோமுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்!

இதில் நிர்வாக வரைபடம் வேறு குழப்பம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் உங்கள் மாவட்டம். வேளச்சேரி, சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். குன்றத்தூர் காஞ்சிபுரம். குரோம்பேட்டை மருத்துவமனை உங்கள் இயக்ககம், தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககம், ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககம். ஒரே பேருந்தில் அரைமணியில் கடக்கிற தூரத்தில் மூன்று மாவட்டம், மூன்று இயக்ககம். கிருமிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. கடிதத்துக்கு மட்டும் தெரிகிறது.

‘தகவல் போனால் மட்டும் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்கலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் சொந்த மருத்துவமனையில் நடந்ததைப் பாருங்கள். 2011 ஜூனில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண் அங்கே மாற்றப்பட்டார். மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா அவரிடம் இருப்பது முன்பே தெரியும். தனிமைப்படுத்தினார்கள். ஜூலை நடுவில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, அவரைப் பார்த்தேயிராத வேறொரு நோயாளியிடம் அதே கிருமி. பிறகு இன்னொருவர், இன்னொருவர் என்று மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள். ஆறு பேரின் சாவுக்கு இந்தக் கிருமியே காரணம். மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது எல்லாக் கிளையும் அந்த ஒரு பெண்ணிடம் போய் முடிந்தது. கழுவித் துடைத்த வென்டிலேட்டரிலும், தொட்டிகளின் வடிகுழாயிலும் கிருமி இருந்தது. தகவல் கையில் இருந்து, பணம் இருந்து, தனி அறை இருந்தும் அவ்வளவு. தகவலே இல்லாமல், மூன்றடி இடைவெளியில் கட்டில் போட்ட வார்டில் என்ன நடக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தகவலும் உத்தரவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேல் சாட்சி. 2006-ல் அங்கே இதேவகைக் கிளெப்சியெல்லா மருத்துவமனைக்கு மருத்துவமனை தாவியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னளவில் போராடிப் பார்த்தது, நடக்கவில்லை. இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்துவிடும். 2007 மார்ச் முடிவதற்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகள். அந்த மாதமே சுகாதார அமைச்சகம் எல்லா மருத்துவமனைக்கும் ஒரே உத்தரவு போட்டது. கிருமி உள்ளவர் தனி இடத்தில் இருக்க வேண்டும், அவருக்கென்று தனி நர்ஸ் இருக்க வேண்டும், அவர் எந்த வார்டில் எப்படி வைக்கப்பட்டிருக்கிறார் என்று நாள்தோறும் மையக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். புது மருந்து, புது எந்திரம் எதுவும் வரவில்லை. ஒரு லட்சம் படுக்கை நாளுக்கு மாதம் 55.5 என்றிருந்த புதுத் தொற்று, 2008 மே மாதத்தில் 11.7 ஆகிவிட்டது.

சின்ன நாடு, பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்பீர்கள். சரி, அங்கே போக வேண்டாம், சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்குவோம். டாக்டர் சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் இல்லம் நடத்தியவர். ராமானுஜன், அந்தக் கணித ராமானுஜன்தான், அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்திருக்கிறார். சௌரிமுத்து 1928-ல் பன்னிரண்டு படுக்கையோடு தாம்பரத்தில் தொடங்கிய இல்லம்தான் 1937-ல் அரசுக்கு வந்து, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நிற்கிறது. ஆன்டிபயாடிக் பிறக்காத காலத்தில் அவர் கையில் இருந்தது காற்றும் வெளிச்சமும் கட்டிலுக்குக் கட்டில் தூரமும்தான். மருந்து வந்தது, தூரத்தை மறந்தோம்.

அந்த மருத்துவமனைக்காரர்களிடம் மருத்துவமனைத் தொற்று பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன ஆபத்து என்பதை அவர்கள் தினமும் சமாளிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெரியில் ஒரு கிராமத்து மருத்துவமனையில், எந்த மருந்துக்கும் ஏறக்குறைய அடங்காத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்த செய்தி 2006-ல் வந்தது. அவர்களில் பரிசோதிக்கப்பட்ட எல்லாருக்கும் எச்.ஐ.வி. இருந்தது, பலருக்குத் தொற்று வார்டிலேயே ஏற்பட்டிருந்தது.

இப்போது காசநோய்க்கு நாம் செய்திருப்பதைப் பாருங்கள். 2012 மே மாதத்திலிருந்து எந்த டாக்டர் காசநோயைக் கண்டறிந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2018-ல் அதை அரசிதழில் போட்டு, தெரிவிக்காவிட்டால் தண்டனை என்றார்கள். ‘நிக்‌ஷய்’ கணினிப் பதிவில் நோயாளிக்கு ஓர் எண் உண்டு. தாம்பரத்தில் மருந்து தொடங்கியவர் தூத்துக்குடிக்குக் குடிபோனால் அவருடைய மருந்து விவரமும், எந்த மருந்துக்கு எதிர்ப்பு என்ற விவரமும் அங்கே போகும். அந்த ஊர் ஊழியர் போன் செய்து வீட்டுக்கு வருவார். ஒரு பாக்டீரியாவுக்கு இத்தனையும் செய்யத் தெரிந்த மாவட்டம், இன்னொரு பாக்டீரியாவுக்கு ஒரு வரி எழுத முடியாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

சிதறிக் கிடக்கும் தகவலைக் கோத்தால் என்ன தெரியும் என்பதையும் இந்த மாநிலம் சமீபத்தில் பார்த்தது. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புள்ள பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். சுத்திகரிக்காத கருவியால் திறந்து, மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டில் சந்தேகத்துக்கு வந்தது. அது மருந்து எதிர்ப்புக் கதை இல்லை, வேறு கிருமி. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் வெறும் மூளைக்காய்ச்சல்தான். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆரும் பொது சுகாதாரத் துறையும் நோயாளிகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்ததால்தான் அந்தக் கிளினிக் கண்ணில் பட்டது.

ஆகவே என் கோரிக்கை. மாவட்டத்தில் பதிவு பெற்ற ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மாற்றல் சீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும், கையெழுத்துக்கு மேலே, ஒரே ஒரு கட்டம் இருக்கட்டும். கல்ச்சர் எடுத்ததா, எந்தத் தேதியில், எதிலிருந்து, என்ன வளர்ந்தது, எந்த மருந்துக்கு அடங்காது. எடுக்கவே இல்லை என்றால் ‘எடுக்கவில்லை’ என்று எழுத வேண்டும். அந்தச் சொல்லே அடுத்த டாக்டருக்குப் பெரிய தகவல். முடிவு இன்னும் வரவில்லை என்றால் ‘வரவேண்டியுள்ளது’ என்று எழுதி, ஆய்வகத்தின் போன் எண்ணையும் போட வேண்டும். முடிவு வந்ததும் நோயாளி இப்போது இருக்கும் இடத்துக்கு அதைச் சேர்ப்பது பழைய மருத்துவமனையின் பொறுப்பு, நோயாளி வீட்டாரின் பொறுப்பு இல்லை. 48 மணி நேரத் திட்டத்துக்கு உயிர்நாடி இந்த இடம்தான். பெரிய மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் என்று ஒருவர் இருப்பார். அவர் பெயரும் எண்ணும் மாவட்டப் பட்டியல் ஒன்றில் இருந்தால் ஒரு போனில் வேலை முடியும். ஐ.சி.யு.விலிருந்து ஐ.சி.யு.வுக்கு வருகிறவர் முடிவு தெரியும்வரை கிருமி உள்ளவராகவே நடத்தப்பட வேண்டும். தனி அறை இல்லையென்றால் கோடிக் கட்டில், அவருக்கென்று தனி பி.பி. கருவி, தனி ஸ்டெதஸ்கோப், கட்டில் தலைமாட்டில் கைக்குத் தேய்க்கும் மருந்து பாட்டில். பாட்டில் காலியாக இல்லாமல்.

காப்பீட்டுத் திட்டம் உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனாலும் மேலே ஒரு கடிதம் எழுதுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் பணம் கேட்கும் மருத்துவமனை, அந்தக் கட்டம் நிரம்பிய சம்மரியைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி வந்தால், ஆறு மாதச் சுற்றறிக்கை செய்யாததை ஆறு நாளில் அது செய்துவிடும். மருத்துவமனை அலுவலகங்களில் வேறெந்தத் தாளைவிடவும் கவனமாக நிரப்பப்படுவது அந்தத் தாள்தான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த வரியைப் பார்த்ததும் ‘பெட் இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். சும்மா கற்பனையில் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. என்று தெரிந்தால் கதவைச் சாத்திய மருத்துவமனைகள் இந்த மாநிலத்தில் எத்தனை என்பதை அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்வார்கள். 1993-லிருந்து எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்ட இடம் தாம்பரம் சானடோரியம். ஆந்திராவிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். பாரபட்சம் காட்டக் கூடாது என்று நாட்டில் சட்டம் வந்தது 2017-ல். அதுவரை இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு மருத்துவமனை அந்தப் பாரத்தைச் சுமந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவர்களுக்கு இன்னொரு சானடோரியம் உருவாகிவிடக் கூடாது. எனவே கட்டத்தோடு சேர்த்து இன்னொரு வாக்கியமும் உத்தரவில் வேண்டும்: இந்தக் குறிப்பைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தால் பதிவு புதுப்பிப்பின்போது அது கணக்கில் எடுக்கப்படும். மறுக்கப்பட்டவர் புகார் சொல்ல ஓர் எண்ணும் வேண்டும். அந்த வாக்கியம் இல்லாமல் கட்டத்தை மட்டும் கொண்டுவருவதாக இருந்தால், தயவுசெய்து கொண்டுவராதீர்கள். மருத்துவமனைகள் கல்ச்சர் எடுப்பதையே நிறுத்திவிடும். எடுக்காத கிருமியை எழுத வேண்டியதில்லை அல்லவா?

சின்ன நர்ஸிங் ஹோம்களுக்கு நியாயமான குறை ஒன்று உண்டு. சொந்தமாக நுண்ணுயிர் ஆய்வகம் கிடையாது. வெளியே அனுப்பினால் செலவு நோயாளி தலையில். அதனால் கல்ச்சருக்குப் போகாமல் கை மெரோபெனத்துக்குப் போகிறது. கிண்டியில் கிங் நிலையம் இருக்கிறது. மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்ணுயிரியல் துறை உண்டு. குறைந்த கட்டணத்தில் புறநகர் மாதிரிகளை வாங்கிச் செய்து தர அவர்களை நீங்கள் அழைத்துப் பேசலாம். கேரளம் 2018-லேயே மாநிலச் செயல்திட்டம் தொடங்கி, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற மாநிலக் கணக்கைத் தொகுத்து வெளியிடுகிறது. நம் மாவட்டத்துக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே, சேலையூர் டாக்டர் எந்த ஊசியில் தொடங்குவது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

புது மருந்து வந்துவிடும், அதுவரை தள்ளலாம் என்ற எண்ணமும் யாருக்காவது இருக்கலாம். நம் மாவட்டத்து ஆலத்தூரில் ஆலை வைத்திருக்கும் ஆர்கிட் பார்மா கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் சேர்ந்த மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் கண்டுபிடித்து அந்த ஒப்புதல் வரை போன முதல் ஆன்டிபயாடிக் மூலக்கூறு என்று கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தரமணி ஆய்வாளர்கள் எண்ணிய அந்த என்.டி.எம். நொதியை அது தடுக்காது. அதன் இலக்கு வேறு வகை நொதிகள். ஒரு மூலக்கூறு ஆய்வகத்திலிருந்து நோயாளிக்கு வரப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகிறது. சுற்றறிக்கை ஒன்று உங்கள் அலுவலகத்திலிருந்து தாம்பரத்துக்கு வர எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றிய உலக விழிப்புணர்வு வாரம். பேரணி, கோலப்போட்டி, உறுதிமொழி எல்லாம் நடக்கட்டும். அவற்றோடு, அந்த வாரத்தில் உங்கள் அலுவலகம் ஒரு பக்கம் மட்டும் வெளியிடட்டும்: முந்தைய மாதம் மாவட்டத்தில் எத்தனை நோயாளிகள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டார்கள், எத்தனை சீட்டில் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது, பிறகு வந்த கல்ச்சர் முடிவில் எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை பேருக்குப் படுக்கை மறுக்கப்பட்டது. மருத்துவமனைப் பெயர்கள் வேண்டாம். முதல் மாத எண்கள் மோசமாகத்தான் இருக்கும். அதற்காக உங்களைத் திட்டி எழுதமாட்டோம். டிசம்பர் எண்களையும் கேட்டு வருவோம்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு பத்திரிகை எழுத்தாளர்